முதலில் கொட்டேஷன், அப்புறம் பிரஷ்

ஓவியம் படித்துவிட்டு சொந்தமாக ஸ்டுடியோ வைக்கப் போகிறேன் என்று வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த டேப்லெட் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம், இன்ஸ்டாகிராமில் எப்படி ஆள் சேர்ப்பது என்பதுதான். அட்வான்ஸ் எவ்வளவு வாங்கணும் என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். திறமை இல்லாமல் மூடிய ஸ்டுடியோ ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வர வேண்டிய பணம் வராமல் மூடியவை நிறைய உண்டு.

கலைஞன் என்றால் காசு பற்றிப் பேசக் கூடாது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. வாடிக்கையாளருக்கு இந்த நினைப்பு வசதி. ஆனால் வரைகிறவர்களே அதை நம்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நமக்கு முன்னால் இந்தத் தொழிலில் நின்றவர்கள் அப்படி இருந்தார்களா என்று பார்த்தாலே போதும்.

சோழமண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அரசு மானியத்துக்காகக் காத்திருந்து அதைக் கட்டவில்லை. மெழுகு தடவிச் சாயம் போடும் பாட்டிக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அதில் வந்த பணம் வயிற்றுக்கும் ஆனது, நிலத்துக்கும் ஆனது. பாட்டிக் போட்ட கையாலேயே அவர்கள் வரைந்த படங்கள்தான் இன்று மெட்ராஸ் கலை இயக்கம் என்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. துணிக்குச் சாயம் போட்டதால் யாருடைய ஓவியமும் தரம் குறையவில்லை.

எங்கள் பக்கத்துக்கே வந்தால் கோவில்பட்டி கொண்டைய ராஜு. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டியில் தங்கிய பிறகு அவரும் சீடர்களும் போட்டோ ஸ்டுடியோ நடத்தினார்கள், கூடவே சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படங்கள் வரைந்து கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பாதி வீட்டுப் பூஜையறையில் அவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும்தான் இருந்தார்கள். ஸ்டுடியோ நடத்துவது என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஒரு குரு, கூட வேலை பழகும் சீடர்கள், வாடிக்கையாக வரும் வேலை, அதற்குக் கூலி. அவர்களுடைய கடையைக் கலைக்கூடமாகப் பார்க்க நமக்குத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

சரி, இன்றைக்கு வருவோம்.

போன வருஷம் ஒரு மசாலா கம்பெனிக்காரர் வந்தார். நல்ல மனிதர், நல்ல சரக்கு. “ரெண்டு மூணு டிசைன் போட்டுக் காட்டுங்க தம்பி, பிடிச்சா மேற்கொண்டு பேசிக்கலாம்” என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்காத டிசைனர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஒரு மல்லித்தூள் பாக்கெட்டுக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்று அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். பாக்கெட் ஃபிலிம் பெரும்பாலும் கிராவியரில், அதாவது படத்தை உலோக சிலிண்டரில் வெட்டி அச்சடிக்கும் முறையில் அச்சாகிறது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். கண்ணாடி மாதிரி தெரியும் ஃபிலிம் என்றால், நிறத்துக்கு அடியில் வெள்ளை அடிக்க இன்னொரு சிலிண்டர். நான் ஆசைக்கு ஒரு தங்க நிறம் சேர்த்தால் அவருக்குச் செலவு ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண், நிகர எடை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்க வேண்டும். கடை அலமாரியில் பக்கத்து பாக்கெட் எந்தப் பச்சையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் ஒரு டிசைன் போட முடியும். மூன்று டிசைன் சும்மா கேட்பது என்றால் இந்த யோசனை முழுவதையும் மூன்று முறை இலவசமாகக் கேட்பது.

“எங்கள் பழைய வேலைகளைப் பாருங்கள் அண்ணே, அது பிடித்திருந்தால் பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்து ஆரம்பிப்போம்” என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் ஒரு வாரத்தில் செக்கோடு வந்தார். எல்லோரும் அப்படித் திரும்பி வருவதில்லை. வராதவர்களால் எனக்கு நஷ்டம் இல்லை என்பதை ஸ்டுடியோ ஆரம்பிக்கும் பிள்ளைகள் நம்ப வேண்டும். அட்வான்ஸ் கொடுக்க மனம் வராதவருக்குப் பாக்கியைக் கொடுக்கவும் மனம் வராது.

கொட்டேஷனில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். தொகையை மட்டும் போட்டு அனுப்பினால் அது கொட்டேஷன் இல்லை. எத்தனை தடவை கரெக்‌ஷன் செய்து தருவோம், அதற்கு மேல் போனால் என்ன கட்டணம், என்ன ஃபைல் தருவோம் என்று எழுத வேண்டும். பிரஸ்ஸுக்கு எழுத்தையெல்லாம் கர்வ் செய்த, அதாவது கோட்டு வடிவமாக மாற்றிய ஃபைல் போனால் போதும், ஃபான்ட் மாறி ‘கொ’ உடைந்து போகாமல் அச்சாகிவிடும். ஓப்பன் ஃபைல், அதாவது திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல், வேறு விஷயம். வேலை முடிந்ததும் “ஓப்பன் ஃபைலையும் அனுப்பிடுங்க” என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் அடுத்த வேலை வேறு யாரிடமாவது கால்வாசி விலைக்குப் போகும். கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கென்று ஒரு விலை இருக்கிறது, அதை முதல் நாளே காகிதத்தில் போட வேண்டும் என்கிறேன்.

அடுத்து உரிமை. நான் வரைந்தது, அதனால் எனக்குத்தான் சொந்தம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. ஒருவர் பணம் கொடுத்து ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், புகைப்படம் எடுக்கச் சொன்னால், மாற்றி ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில் பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 17-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்குப் போகும். அதே சட்டத்தின் 19-வது பிரிவு நம் பக்கமும் நிற்கிறது. உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருஷம். எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக, கொட்டேஷனின் கடைசிப் பத்தியில் நாம் எழுதும் இரண்டு வரிதான் அந்தப் படம் யாருடையது என்று தீர்மானிக்கிறது.

அதையும் தாண்டி, விற்ற பிறகும் நம்மை விட்டுப் போகாத உரிமை ஒன்று இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரில் சிற்பி அமர்நாத் சேகல் வெண்கலத்தில் பிரம்மாண்டமாக ஒரு சுவர்ச் சிற்பம் செய்திருந்தார். 1979-ல் அதைக் கழற்றி, சிதைந்துபோகும்படி ஸ்டோரில் போட்டார்கள். அது அரசாங்கம் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன சிற்பம். ஆனாலும் அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்த பாகங்களை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. படைத்தவருக்குத் தன் படைப்பின் மீது இருக்கும் தார்மீக உரிமை, 57-வது பிரிவு. ஓவியம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

பாக்கிப் பணத்துக்கும் சட்டம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து ஆன்லைனில் செய்துவிடலாம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்குகிறவரும் நாமும் எந்தத் தேதி பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் தேதியே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வருஷம் வரை, வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வழக்குக்குப் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் கெடு பற்றிய வாக்கியத்தையும் அச்சடித்துப் பாருங்கள், கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருப்பவர் உங்கள் பில்லை முதலில் எடுப்பார். எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம் இது.

ஏ.ஐ. பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வாடிக்கையாளர்கள் இப்போது ஏ.ஐ. படத்தை வாட்ஸப்பில் அனுப்பி “இதே மாதிரி” என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. படம் மட்டும் விற்கிறவருக்குத்தான் அது போட்டி. எத்தனை சிலிண்டர், எந்த ஃபிலிம், யாருக்கு உரிமை, அச்சில் நிறம் எப்படி வரும் என்று பொறுப்பேற்கிறவருக்கு வேலை இருக்கும்.

நம் ஸ்டுடியோவுக்கு வரும் ஜூனியர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் இதே பேச்சில் சேர்த்திதான். வாடிக்கையாளர் இலவசமாகக் கேட்டால் கோபப்படுகிற நாமே, “அனுபவம் கிடைக்கும், வா” என்று இன்டர்னை மாதக் கணக்கில் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்வது அநியாயம். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் மேலே கையில் கொஞ்சம் நிற்கிற மாதிரி கொடுங்கள். போர்ட்ஃபோலியோவில் அவர்கள் பெயரையும் போடுங்கள். கொடுக்க முடியாத மாதத்தில் ஆள் எடுக்காதீர்கள்.

சென்னை ஓவியக் கல்லூரி 1850-ல் ஆரம்பித்தது. அலெக்சாண்டர் ஹன்டர் அதைத் தொடங்கியதே கைத்தொழில் கற்றுக்கொடுக்கத்தான். கல்லூரிகளிலிருந்து எங்களிடம் வரும் பிள்ளைகளின் கோடு பிரமாதமாக இருக்கிறது, கலர் பிரமாதமாக இருக்கிறது. இன்வாய்ஸ் என்றால் விழிக்கிறார்கள். வாடிக்கையாளர் டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்ட வரியில் அதிகப்படியானதை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்பது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். கடைசி வருஷத்தில் ஒரே ஒரு பேப்பர் போதும். கொட்டேஷன், ஒப்பந்தம், பதிப்புரிமை, பில், வரி. சென்னை, கும்பகோணம் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வகுப்பெடுக்கக் கூப்பிடுங்கள். என் செலவில் வருகிறேன், எங்கள் ஆடிட்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நாங்கள் பயன்படுத்தும் கொட்டேஷன் படிவம் தமிழிலேயே இருக்கிறது. வேண்டுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், உரிமை பற்றிய அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.