ஓவியரைத் தேடினால் மேசை வருகிறது

இன்ஸ்டகிராமில் 'ஓவியம்' என்று தேடிப் பாருங்கள். முதலில் பென்சிலால் கீறிய நடிகர் முகம். அடுத்ததும் நடிகர் முகம். வியர்வைத் துளி வரைக்கும் அச்சு அசலாகக் கீறிவிட்டு, பக்கத்தில் அந்தப் போட்டோவையும் பிடித்துக் காட்டுவார்கள். அதுதான் ஏற்கெனவே போட்டோவாக இருக்கிறதே, ராசா!

அதைத் தாண்டினால் ரெசின் மேசை, அதாவது ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசினில் செய்தது. நீலத்தை ஊற்றி, வெள்ளை அலை இழுத்து, நடுவில் ஒரு ஆமை. என் விரல் ஒரு செக்கன் தயங்கியது, அவ்வளவுதான். இப்போது போன் முழுக்கக் கடற்கரை. முல்லைத்தீவுக் கடல் பக்கத்தில் சும்மாதானே கிடக்கிறது?

2011இல் யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிக் கொடுத்த வீட்டுப் படங்களை வைத்து ஒரு தொகுப்பு செய்தார். அப்படியான வேலை செய்கிறவர்களைத்தான் தேடுகிறேன். வன்னியில் அதை ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. அல்கோரிதத்துக்கு மட்டும் ஏறாது.

தப்பித் தவறி ஒரு நல்ல ஓவியரின் பக்கம் அகப்பட்டால், படம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். என்ன அளவு, எண்ணெய் வர்ணமா நீர் வர்ணமா, மூச்சு இல்லை. கீழே மட்டும் முழ நீளத்துக்கு ஆங்கிலம். கண்காட்சி அறிவித்தலோ ஸ்டோரியில் வரும், 24 மணித்தியாலத்தில் மறைந்தும் போகும். பிறகு எங்கள் கண்ணில் படுவது, "கொழும்புக்கு வந்து சிறப்பித்த அனைவருக்கும் நன்றி". கிளிநொச்சியிலிருந்து நேற்றைக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு?