துளை சிறிது, அறுவை சிறிதல்ல

கல்லீரல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பாதி பயம் போய்விடுகிறது. "சின்ன ஓட்டைதானே, சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்" என்று ஆளாளுக்குத் தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியம் வேண்டியதுதான். ஆனால் துளை சிறிதாக இருப்பது தோலில் மட்டும். உள்ளே கல்லீரலை வெட்டும் வேலை அதே பெரிய வேலைதான்.

கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்துவிட்டு, கேமராவையும் கருவிகளையும் உள்ளே விடுகிறார்கள். அந்த வாயுவின் அழுத்தத்தாலேயே சிரைகளிலிருந்து ரத்தம் கசிவது குறைகிறது. கையால் அழுத்திப் பார்த்துக் கட்டியைத் தேட வழியில்லை என்பதால், அல்ட்ராசவுண்ட் கருவியைக் கல்லீரல் மேலேயே வைத்து எல்லையைக் குறிக்கிறார்கள். அப்புறம் ரத்தக் குழாய், பித்தக் குழாய் என ஒவ்வொன்றாகப் பார்த்து, கிளிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். வெட்டிய பகுதியை ஒரு பைக்குள் போட்டு, பெரும்பாலும் அடிவயிற்றில் தனியாக ஒரு கீறல் போட்டு வெளியே எடுப்பார்கள்.

இந்த முறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நார்வேயின் ஆஸ்லோவில், பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 280 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. திறந்த அறுவையில் 31 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, லேப்ராஸ்கோப்பியில் 19 சதவீதம். பிறகு வந்த கணக்கில், உயிர் பிழைத்திருந்த காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய் பெரும்பாலும் சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன, கல்லீரலில்தான் வருகிறது. அந்த நோயாளிகளுக்கு வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் இருப்பதே பெரிய உதவி. பிறகு வயிற்றில் நீர் கோக்கும் தொல்லை குறைகிறது.

ஆனாலும் உள்ளே நடப்பது பெரிய வேலை என்பதால்தான், எத்தனை துளை, தழும்பு தெரியுமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். வெட்டிய பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்று முதலில் கேளுங்கள். நல்ல கல்லீரலுக்குக் கால்வாசி மிஞ்சினாலே ஓரளவு போதும். சிரோசிஸ் இருந்தால் 40 சதவீதமாவது வேண்டும். கட்டி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். முன்பக்க ஓரத்தில் இருந்தால் எட்டுவது சுலபம், பின்னால் மேலே உதரவிதானத்தை ஒட்டி இருந்தால் கைதேர்ந்தவருக்கே கஷ்டம்.

பாதியில் ரத்தம் கட்டுப்படாமல் போய் வயிற்றைத் திறந்தால், சில குடும்பங்கள் "ஆபரேஷன் ஃபெயிலா?" என்று பதறுகின்றன. எனக்கு அதைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். சரியான நேரத்தில் திறக்கும் சர்ஜன்தான் நோயாளியைக் காப்பாற்றுகிறார். எந்த நிலையில் திறப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கட்டி 3 செ.மீ.க்குள் இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: வெட்டாமல், ஊசி வழியாகச் சூடேற்றி எரிக்கும் சிகிச்சை இவருக்குப் பொருந்துமா?