பகலில் ஹெட்லைட்: வயரை வெட்டும் முன் ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள்

பகலில் ஹெட்லைட் எரிய பைக் வந்தால், எதிரே வருகிறவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுகிறார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் "அண்ணா, லைட் எரியுது" என்கிறார். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அந்த லைட் எரிந்தாக வேண்டும் என்பது சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. தெரியாமல் இருப்பதோடு போனால் பரவாயில்லை. "பேட்டரி போயிடும், பல்பு போயிடும்" என்று மெக்கானிக் ஷெட்டில் வயரை வெட்டி ஸ்விட்ச் போட்டுக்கொள்கிறார்கள். அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2017 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் தயாரான இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரிய வேண்டும். ஏஎச்ஓ (ஆட்டோமேட்டிக் ஹெட்லேம்ப் ஆன்) என்று ஷோரூமில் சொல்வது இதைத்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு பரிந்துரைத்து வந்த விதி. ஹேண்டில்பாரில் ஹெட்லைட் ஸ்விட்ச் காணாமல் போனது அதனால்தான். டிம், பிரைட், பாஸ் மட்டும் மிஞ்சின. ஹெட்லைட்டுக்குப் பதிலாகப் பகல் விளக்கு, அதாவது டிஆர்எல், தானாக எரியும்படி கம்பெனியே கொடுத்த மாடல்களும் உண்டு. அதுவும் சரியே.

இங்கே கவனிக்க வேண்டியது உற்பத்தித் தேதி. வாங்கிய தேதியும் பதிவான தேதியும் கணக்கில் வராது. 2017 மார்ச் கடைசி வாரம் நினைவிருக்கிறதா? பிஎஸ்-3 என்ற பழைய புகை அளவுத் தரத்தில் வந்த வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று சொன்னது. அடுத்த இரண்டு நாளும் ஷோரூம்களில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதியது. அப்போது போன வண்டிகளில் பழையபடி ஹெட்லைட் ஸ்விட்ச் இருக்கும். ஆர்.சி.யில் பதிவுத் தேதி ஏப்ரல் 2017 என்று இருந்தாலும், உற்பத்தி மாதம் அதற்கு முந்தையதாக இருந்தால் அந்த வண்டி ஏஎச்ஓ விதிக்குள் வராது. யாராவது வழிமறித்துக் கேட்டால் ஆர்.சி.யில் அந்த வரியைக் காட்டுங்கள்.

அப்படியானால் பழைய வண்டியைப் பகலில் லைட் இல்லாமல் ஓட்டலாமா? ஓட்டலாம், குற்றமில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 105 விளக்கு கேட்பது, சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து உதயத்துக்கு அரை மணி முன்பு வரை. கூடவே "போதிய வெளிச்சம் இல்லாத" எந்த நேரத்திலும். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடைமழை, மலைப்பாதை மூடுபனி, சுரங்கப்பாதை என எங்கே வெளிச்சம் குறைந்தாலும், மதியம் பன்னிரண்டு மணியானாலும், 1998 மாடல் வண்டிக்கும் லைட் கட்டாயம்.

புது வண்டியில் ஸ்விட்ச் போட்டால் என்ன ஆகும்? பலர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சொல்வார்கள். அது வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது பற்றியது. ஒரு ஸ்விட்ச் அதில் வருமா என்று வக்கீல்கள் வாதாட இடமுண்டு. நேராகக் கடிக்கும் பிரிவுகள் வேறு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதி இல்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. 190(2), சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறிய வண்டியை ஓட்டுகிறவரைப் பிடிக்கிறது: முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. வழியில் பல்பு ஃப்யூஸ் ஆவதும் வேண்டுமென்றே வயரை வெட்டுவதும் ஒன்றில்லை. முதலாவது பழுது, மாற்றிவிட்டால் தீர்ந்தது. இரண்டாவதற்குச் சாட்சியாக ஸ்விட்ச் ஹேண்டில்பாரிலேயே உட்கார்ந்திருக்கும்.

"தினமும் இதுக்கா சலான் போடுறாங்க?" என்று கேட்பீர்கள். ஹெல்மெட்டுக்குப் பிடிக்கும் அளவுக்கு இதற்குப் பிடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த வயர்தான்.

35 வாட் ஹாலஜன் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். கம்பெனி வயரிங்கும், வயர்களை இணைக்கும் கப்ளரும் அதற்கென்று செய்தவை. நடுவே வெட்டி, மெல்லிய வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மழை புகும் மலிவான ஸ்விட்சைச் சேர்த்தால் என்ன நடக்கும்? முறுக்கிய இடத்தில் துரு பிடித்து, மின்தடை கூடி, அங்கே சூடாகும். டேப் பசை இளகும், ஸ்விட்சின் பிளாஸ்டிக் உருகும். பிறகு ஒருநாள் ராத்திரி பள்ளத்தில் குலுங்கும்போது முன்னால் சட்டென்று இருட்டாகிவிடும். பகலில் லைட்டை அணைக்கப் போட்ட ஸ்விட்ச், ராத்திரி வளைவில் அதைத் தானாக அணைக்கிறது. வயரிங் வாரண்டி போவது தனிக்கதை.

பேட்டரி பயமும் வேண்டாம். இன்ஜின் நின்றால் லைட்டும் நிற்கும். சின்ன சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் ஏசி கரண்டில், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக எரிவது. பேட்டரிக்கு அதில் வேலையே கிடையாது. ஐடிலிங்கில் மங்கி, முறுக்கினால் பிரகாசமாவது அதன் அடையாளம். பேட்டரி வழியாக லைட் எரியும் டிசி வண்டியிலும் ஓடும்போது சார்ஜிங் சரியாக இருந்தால் குறை வராது. மைலேஜ் வாதமும் நிற்காது. பெரும்பாலான பைக்குகளில் காயில் கரண்டைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், வேண்டாததை ரெகுலேட்டர் ஷார்ட் செய்து சூடாக வெளியேற்றும். லைட்டை அணைத்தாலும் மிச்சமாவது ஒன்றும் பெரிதாக இல்லை.

பல்பு சீக்கிரம் போகிறது என்பது மட்டும் நியாயமான குறை. நாள் முழுக்க எரிவது டிம் ஃபிலமென்ட் என்பதால் அதுதான் முதலில் போகும். போனதும் பலர் பல்பை மாற்றாமல் பிரைட்டிலேயே ஓட்டுகிறார்கள், ராத்திரியும். எதிரே வருபவன் கண் கூசித் தடுமாறுகிறான். ஹாலஜன் பல்பு சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அதே வாட் பல்பு கேட்டு வாங்குங்கள். 90, 100 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். மாட்டும்போது கண்ணாடியைத் தொடாமல் உலோக அடியைப் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகி, பல்பு பாதி நாளில் போய்விடும்.

லைட்டின் கோணத்தையும் பாருங்கள். விதி 106-இன்படி, 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசவைக்கக்கூடாது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து, 8 மீட்டர் தள்ளி இன்னொருவரை நிறுத்தி டிம்மில் பார்த்தால் போதும். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே ஏறும், அதனால்தான் இருவரோடு பார்ப்பது. திருத்துவதற்கான ஸ்க்ரூ பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு அடியிலேயே இருக்கும்.

"ஐரோப்பாவில் மூடுபனி, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு லைட்டு" என்று கேட்பவர்களுக்கு: நம்மைவிடப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் மலேசியா 1992-லேயே பைக்குகளுக்குப் பகல் லைட்டைக் கட்டாயமாக்கியது. கண்ணில் படாததால் நடக்கும் பைக் விபத்துகள் அதன்பின் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கே செய்த ஆய்வு சொன்னது. சிங்கப்பூர் 1995-இல் பின்தொடர்ந்தது. வெயில் அதிகமாக இருப்பதே இங்கே ஆபத்து. புளியமர நிழல் விழுந்த ரோட்டில், வெயிலிலிருந்து வரும் பஸ் டிரைவரின் கண்ணுக்கு நிழலுக்குள் இருக்கும் பைக் தெரியாது. காலையில் சூரியனை முதுகில் வைத்து ஓட்டும்போது உங்களுக்கு ரோடு பளிச்சென்று தெரியும். எதிரே ஓவர்டேக் எடுக்கிறவருக்குக் கண் முழுக்க சூரியன். அந்த நேரத்தில் அவருக்கு இருக்கும் ஒரே அடையாளம் உங்கள் லைட்.

அதனால் பழைய வண்டிக்காரர்களும், சட்டம் கேட்காவிட்டாலும், வண்டி எடுத்ததும் டிம்மைப் போட்டுவிடுங்கள். பார்க் லைட் போதாது, பகலில் அது கண்ணுக்கே தெரியாது. பகல்தானே என்று பிரைட்டும் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் உற்பத்தி மாதத்தைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அது 2017 ஏப்ரலாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருந்து லைட் எரியாவிட்டால், ஹேண்டில்பாரில் கூடுதல் ஸ்விட்ச் இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குப் பின்னால் டேப் சுற்றிய வயர் தெரிகிறதா என்று தேடுங்கள். இருந்தால், கப்ளரோடு பழையபடி மாற்றித் தரச் சொல்லி, எரிவதைப் பார்த்த பிறகே பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். அதன்பின் ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர்.