நாஸ்கார் ரேஸ் 1979-க்கு முன்பே டிவியில் முழு நேரலையாக வந்தது
"1979 டேடோனா 500-தான் டிவியில் முழுசாக நேரலையில் வந்த முதல் நாஸ்கார் ரேஸ்" என்கிறீர்கள். (நாஸ்கார் என்பது அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்; டேடோனா 500 அதன் 500 மைல் பந்தயம்.) இல்லை நண்பரே. 1971 ஏப்ரலிலேயே தென் கரோலினாவின் கிரீன்வில் ரேஸை ஏபிசி டிவி முழுவதும் நேரலையாகக் காட்டிவிட்டது. அரை மைல் தடம், 200 சுற்று. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பாபி ஐசக் ஜெயித்தார். 1979-இல் சிபிஎஸ் டிவி செய்ததன் பெருமை வேறு: 500 மைல் ரேஸ் ஒன்று அமெரிக்காவில் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் வந்தது அதுதான் முதல் தடவை. அன்று கிழக்குப் பகுதியில் கடும் பனி, ஜனம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. கடைசிச் சுற்றில் டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் மோதி நின்றார்கள், ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அப்புறம் புல்தரையில் கைகலப்பு. டானியின் அண்ணன் பாபி ஆலிசனும் வந்து சேர்ந்துகொண்டார். அதையும் கேமரா விடவில்லை. அந்த ரேஸ் எனக்கும் உயிர்தான். அதற்காக கிரீன்வில்லை மறக்கக் கூடாது.