புலி பார்க்கப் போறீங்களா? முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க

யானை நமக்குப் புதுசு இல்லை. ராகி கதிர் பிடித்தால் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பரண் கட்டி விடிய விடியக் காவல் இருக்கிற மாவட்டம் இது. அதனால் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் வேன் பிடிக்கிற எல்லோருக்கும் புலிதான் வேண்டும். திரும்பி வந்து "காசு வேஸ்ட்" என்கிறார்கள். நிற்காமல் ஓடிய சஃபாரி வண்டியிலிருந்து புலி தெரியாததில் என்ன ஆச்சரியம்?

புலியைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். புள்ளிமான் கத்தினால் உடனே நம்பிவிடாதீர்கள். செந்நாய்க்கும் கத்தும், சும்மா மிரண்டும் கத்தும். மந்தி மரத்து உச்சியில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் அந்தத் திசையைக் கவனியுங்கள். கடமான் அடித்தொண்டையில் மறுபடி மறுபடி குரல் கொடுத்தால் பெரும்பாலும் புலி அல்லது சிறுத்தைதான். சத்தம் இடம் மாறிக்கொண்டே வந்தால் அந்த மிருகம் நடக்கிறது என்று அர்த்தம். புலிக்கு முள்ளுக்குள் நுழைவதைவிட வண்டித் தடத்தில் நடப்பது பிடிக்கும். துரத்தாமல், அது வரும் பக்கத்தில் முன்னாலேயே போய் நிற்க வேண்டும். டீசல் இன்ஜின் உறுமலில் இதில் எதுவுமே கேட்காது. தண்ணீர்க் குட்டை அருகே பத்து நிமிடம் ஆஃப் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பெரிய பஸ்ஸில் இது நடப்பது கஷ்டம். ஜீப் கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். இலை உதிர்ந்திருக்கும், தண்ணீர் சில இடங்களில்தான் இருக்கும். மழைக்குப் பிறகு உண்ணிச்செடி தழைத்துவிட்டால் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் புலியும் தெரியாது. ஆனால் கோடையில் காட்டுத்தீ பயத்தால் சஃபாரியை நிறுத்துவதும் உண்டு. முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். பைனாகுலர் 8 மடங்கு போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது நேரக் கணக்கில்தான். தர்மபுரிக்காரர்கள் மேட்டூர், பவானி, சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். அங்கே கார்களுக்கு இரவு 9 மணிக்கு மேல் அனுமதி இல்லை. ஓசூர்க்காரர்கள் மைசூர் வழியாகக் குண்டல்பேட்டை வரை ராத்திரியில் ஓட்டலாம், ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அதனால் முதுமலையில் காலை சஃபாரி வேண்டுமென்றால் முந்தைய இரவே மசினகுடியில் தங்கிவிடுங்கள். முதுமலை இருக்கிற நீலகிரி மாவட்டத்துக்குள் போக 2024 மே முதல் இ-பாஸ் வேறு வேண்டும்.

திம்பம் வழியில் போனால், ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டிலேயே நிற்கும். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், தள்ளியே நிறுத்துங்கள். பின்னால் வருகிறவன் ஒட்டி நிறுத்திவிட்டால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. உண்மையான ஆபத்து அதுதான்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம்ம காவிரிக் கரையே இருக்கிறது. காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். ஆனால் ஒகேனக்கல் பக்கம் பொதுவழியில் நின்றே ஆற்றோர நீர்மருது மரங்களை அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிற மலை அணில் இருக்கிற இடம் அது. காலையில் போங்கள், வெயில் ஏறினால் அசையாது.