கப்பி மீனுக்கு எங்கட கிணத்துத் தண்ணி நல்லம்

யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, தொட்டி மீன் நிக்காது, ஆர்ஓ தண்ணிதான் (மெசினால வடிச்சு சுண்ணாம்பு, உப்பு எடுத்த தண்ணி) விடவேணும் எண்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார், கனபேர் ஷெயரும் பண்ணீட்டினம். குறை நினைக்காதேங்கோ தம்பி, நியோன் டெட்ராவுக்கு நீங்கள் சொல்லுறது சரி, அது அமேசன் பக்கத்து மென்தண்ணி, அதாவது சுண்ணாம்பு குறைஞ்ச தண்ணி, மீன், ஆனா புதுசா வளக்கிற ஆக்கள் வாங்கிற கப்பி, மொலி, பிளாட்டி எல்லாம் இப்பிடிச் சுண்ணாம்பு கூடின தண்ணியைத்தான் விரும்பும், வெறும் ஆர்ஓ தண்ணியில விட்டா மொலி செட்டையை ஒடுக்கிக்கொண்டு நிண்ட இடத்திலயே நடுங்கும், பாக்கவே பாவமா இருக்கும்.

கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது அந்தச் சுண்ணாம்புதான். அளந்து பாக்கவேணுமெண்டா ஜிஎச் (தண்ணியின்ர கடினம்) டெஸ்ட் கிட் வாங்கி, அதில வாற திரவத்தைத் தண்ணிக்குள்ள சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மாறும்வரை சொட்டை எண்ணுங்கோ, கனக்கக் கிட்டில 1 சொட்டு 1 டிகிரி கடினம், 8க்கு மேல வந்தா கப்பியைப் பயப்பிடாம விடலாம்.