பெண்டாட்டியை நினைத்தால் வீரம் குறைந்துவிடுமா?

நான் முகநூலில் போட்ட, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து ஆஸ்பத்திரி போட்டோவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், புண்ணியமாகப் போகும். முதல் உலகப்போர் காலத்துப் படம் அது. அரண்மனைக் கூடம், மேலே சரவிளக்கு, வரிசையாகக் கட்டில்கள், பிரிட்டனுக்காகப் போரிட்டுக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள். இவர்களில் எத்தனையோ பேர் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்து ஏங்கிக்கொண்டு கிடந்தவர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குத்தான் அத்தனை சிரிப்பு எமோஜி. "பெண்டாட்டிதாசனுக்கெல்லாம் எதுக்கு யூனிஃபார்ம்" என்று ஒருவர். "அரண்மனையில் ராஜ வைத்தியம், இதில் ஏக்கம் வேறயா" என்று இன்னொருவர். இந்த இரண்டாமவர் நான் மதிக்கிற அண்ணன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதலாமவருக்காக இருந்தால் மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

அண்ணா, அரண்மனை உண்மைதான். ராயல் பெவிலியன். நான்காம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது உல்லாசத்துக்குக் கட்டிக்கொண்டது. 1914 டிசம்பரில் இந்தியக் காயக்காரர்கள் அங்கே வந்தார்கள். பக்கத்தில் இருந்த டோம் அரங்கத்தையும் சேர்த்து எழுநூறுக்கும் மேல் படுக்கைகள். பழைய பெரிய சமையற்கட்டில் ஆபரேஷன் தியேட்டர். மதம், சாதி பார்த்து ஒன்பது சமையலறை. இந்துக்களுக்குத் தனிக் குழாய், முஸ்லிம்களுக்குத் தனிக் குழாய். குர்முகி, உருது, ஆங்கிலம் என மூன்றிலும் அரண்மனையின் பெருமை பேசும் கையேடு ஒன்று வேறு அச்சடித்தார்கள். கவனித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களை எதற்கு அஞ்சல் அட்டையாகப் போட்டார்கள்? "உங்கள் பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறோம் பாருங்கள்" என்று காட்டத்தான். நூறு வருஷம் கழித்து நீங்களும் அதையே பார்த்து மயங்குகிறீர்கள். விளம்பரம் போட்டவன் கெட்டிக்காரன்தான்.

அதே ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரியும் இருந்தது. பழைய ஏழை விடுதிக் கட்டடத்துக்குக் அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பெயரைச் சூட்டி நடத்தியது. சுற்றி முள்கம்பி, வாசலில் காவல். எழுந்து நடக்கிற சிப்பாய்கூட நினைத்தபோது வெளியே போக முடியாது. உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்களோடு பழகிவிடுவார்களோ என்ற பயம். பெண் நர்ஸ்கள் இவர்களைத் தொட்டுக் கவனிப்பதே ராணுவத் தலைமைக்குப் பொறுக்கவில்லை. 1915-ல் அவர்களை விலக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு லீவு கிடைத்தால் கடலைத் தாண்டினால் வீடு. நம்மாளுக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வரவே வாரக்கணக்காகும். சரவிளக்கைப் பார்த்துக்கொண்டே இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கடிதம் என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். பிரான்சில் இருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதுவார். அப்புறம் ரெஜிமெண்டில் அதிகாரி பார்ப்பார். அதற்கும் மேலே ஹோவெல் என்ற அதிகாரியின் தலைமையில் இந்தியத் தபால்களுக்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம். எல்லாம் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்தால், அங்கே மனைவிக்குப் படிக்கத் தெரியாது. மாமனாரோ மச்சினனோ பள்ளிக்கூட வாத்தியாரோ உரக்கப் படிப்பார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே எத்தனை ஆம்பளைகள் பாருங்கள். இத்தனை பேர் காதில் விழும் என்று தெரிந்தவன் என்னத்தைச் சொல்லுவான்? மாட்டைக் கேட்பான், மழையைக் கேட்பான், விளைச்சலைக் கேட்பான். அதையும் மீறி ஒரு வரி மனைவிக்கென்று வந்து விழுந்திருந்தால், அந்த வரிக்குள் எவ்வளவு இருந்திருக்கும்!

எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா ராணுவத்தில் இருந்தவர். வண்டி கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்து வடக்கே எங்கோ ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தார். அங்கிருந்து வந்த இன்லேண்ட் லெட்டர்கள் எல்லாம் தாத்தா பெயருக்குத்தான் வரும். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார். பம்புசெட் ரிப்பேர், சீட்டுப் பணம், பசு கன்று போட்டதா. அம்மா நிலைப்படிக்கு உள்பக்கம் நின்று கேட்பார். கடைசியில், நீல மசியில் நெருக்கி, "ராஜியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்." அவ்வளவுதான். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, காலண்டருக்குப் பின்னால் சொருகிய கடிதத்தை எடுத்து அம்மா என் கையில் கொடுப்பார். நான் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற பம்புசெட் எல்லாம் வேண்டாம், அந்தக் கடைசி வரி மட்டும். கடகடவென்று படித்தால் அதட்டு விழும். "மெதுவாப் படிடி, ரயிலா போகுது?"

என் அப்பா கோழையா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் சிலர் புறநானூற்றுத் தாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், தெரியும். மகன் முதுகில் காயம்பட்டு இறந்திருந்தால் பால் கொடுத்த முலையை அறுப்பேன் என்றவள். சரி. நெடுநல்வாடையை யார் படிப்பது? போருக்குப் போன தலைவனை நினைத்து அரசி தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அங்கே பாசறையில் அரசன் நள்ளிரவில், வாடைக்காற்றில், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பிரிவும் காயமும் ஒரே பாட்டில்தான் இருக்கின்றன. நமக்கு வசதியான பாட்டை மட்டும் மேடையில் முழங்குவது, மற்றதைப் பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண்ணாக விட்டுவிடுவது. நல்ல மரபு.

"அவர்கள் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவர்கள், அவர்களுக்காக என்ன கண்ணீர்" என்று ஒரு தோழர் இன்பாக்ஸில். மாதம் 11 ரூபாய் சம்பளம் தோழர். யாருடைய போர் அது என்ற உங்கள் கேள்வி நியாயம். அதைப் போரை நடத்தியவர்களிடம் கேளுங்கள். கடன்பட்ட குடியானவன் மகனிடம் வந்து கேட்காதீர்கள், அதுவும் அவன் கால் போய்ப் படுத்திருக்கும்போது. பிரெஞ்சுப் பெண்களோடு சுற்றியவர்களும் உண்டே என்று ஒருவர் ஆதாரம் எடுத்துப் போட்டிருக்கிறார். உண்டு. அதனால்?

வீரம் வீரம் என்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஜமேதார் மீர் தஸ்த். 1915 ஏப்ரல் 26, பெல்ஜியத்தில் ஈப்ர் அருகே விஷவாயுவுக்கு நடுவே, கடும் துப்பாக்கிச்சூட்டில், பிரிட்டிஷ், இந்திய அதிகாரிகள் எட்டுப் பேரைப் பத்திரமான இடத்துக்குத் தூக்கிக் கொண்டுவர உதவியவர். அதற்குக் கிடைத்தது பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ். அதே பெவிலியன் தோட்டத்தில் ஆகஸ்ட் மாதம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே தன் கையால் அந்தப் பதக்கத்தை அவர் மார்பில் குத்திவிட்டார். அப்போது இந்த மனிதர் மன்னரிடம் என்ன கேட்டார் தெரியுமா? ஒரு தடவை காயம்பட்டவனைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பாதீர்கள் என்று. காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நம்பிக் கிடந்தவர்களை மறுபடியும் பதுங்குகுழிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்களில் இருந்த பெரிய மனக்குறையே அதுதான். மார்பில் விக்டோரியா கிராஸ் தொங்குகிறவர் வாய்விட்டுக் கேட்டார், இவர்களை ஊருக்கு விடுங்கள் என்று. அவருக்கும் ஒரு சிரிப்பு எமோஜி போடுவீர்களா?

உண்மையில் என் கோபம் இப்போது சிப்பாயைப் பற்றிக்கூட இல்லை. அவனுக்காவது போட்டோ இருக்கிறது, தணிக்கைக்காரர் எடுத்து வைத்த வரிகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. செத்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. இந்து, சீக்கியர் 53 பேரை எரித்த மேட்டில் 1921-ல் வெள்ளைப் பளிங்கில் சத்ரி என்கிற நினைவு மண்டபம் கட்டினார்கள். அந்த 53 பேருடைய பெண்டாட்டிகள்? அவள் படம் எந்த அஞ்சல் அட்டையிலும் இல்லை. புருஷன் எரிந்த இடத்தை அவள் பார்த்திருக்கவே மாட்டாள். அவளும்தான் காத்துக் கிடந்தாள். அவன் ஏங்கினான் என்று சொன்னதற்கே இத்தனை இளிப்பு. அவள் ஏங்கினாள் என்று எழுதியிருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த முகநூலில் கொஞ்ச காலமாகத்தான் நானும் இருக்கிறேனே.

அண்ணா, உங்கள் கமெண்ட்டை நான் நீக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். மீர் தஸ்த் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். பெண்டாட்டிதாசன் என்று எழுதிய ஆசாமியை பிளாக் செய்துவிட்டேன், தேட வேண்டாம்.